எட்டாவது சான்று

அந்த விதியை எழுதியவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

உத்திரமேரூருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில், பன்னிரண்டு முதியவர்களைப் பேணும் இல்லம் ஒன்று இருக்கிறது. ஊரில் தலைமுறைகளாகத் துணிக்கடை வைத்திருந்த இசுலாமியக் குடும்பம் ஒன்றின் மூத்த மகன், தம் தாயைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, நெல் கிடங்காய்க் கிடந்த தம் கட்டடத்தைச் செப்பனிட்டு அதைத் தொடங்கினார். எல்லாருக்கும் அவர் பாய். என் அக்கா அங்கே சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், மணம் செய்துகொள்ளாதவள், ஒரு நாள் காலையில் வலப்பக்கம் முழுதும் செயலிழந்து விழுந்தவள். நாக்கு மட்டும் பிழைத்தது. மருத்துவர் அதைப் பெரும்பேறு என்றார். எங்கள் குடும்பத்தில் அதைப் பற்றி இரு வேறு கருத்துகள் உண்டு.

அக்காவைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து பேருந்தில் வந்துபோகும் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. படுத்திருப்பவரைத் தொடுமுன் உள்ளங்கை இரண்டையும் சூடேறும்வரை தேய்த்துக்கொள்வாள். பிறகு, அசையாத வலக்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அறையில் மூன்றாவதாக ஒருவர் இருப்பதுபோல் அதைப் பற்றி அக்காவிடம் பேசுவாள்.

“இன்னாம்மா, இது இன்னிக்கும் வேலைக்கு வர்லியா? லீவு லெட்டராச்சும் குட்த்துதா?”

“கேஷுவல் லீவெல்லாம் முடிஞ்சு போச்சுடி. இப்போ மெடிக்கல் லீவுல கீது.”

“சர்ட்டிபிகேட் வாங்குனியா?”

“அதுக்குத்தான் நீ கீறியே. அமுக்கு.”

அக்கா எங்களிடம் பேசும் மொழி வேறு. அவளோடு இருக்கும்போதுதான் தன் சிறுவயதுப் பேச்சுக்குத் திரும்பினாள், அதில் சிரித்தாள். இந்தச் சிரிப்பைக் கேட்கவே ஞாயிறுதோறும் காஞ்சிபுரத்திலிருந்து நான் வண்டி ஏறினேன் என்றாலும் தவறில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்குள்ளோரின் உறவினர்கள் உணவுக் கூடத்தில் கூடுவது வழக்கம். அப்படியொரு கூட்டத்தில், வேறொரு மாவட்டத்தில் இருந்த முதியோர் இல்லத்தைப் பற்றி ஒருவர் சொன்னார். பொய்ப் பெயரில் வேலைக்குச் சேர்ந்த ஒருவன், நினைவு தப்பிய மூதாட்டி ஒருவரை அடித்துத் துன்புறுத்தியிருக்கிறான். அவன்மேல் அதற்குமுன் இரண்டு ஊர்களில் இதேபோல் வழக்கு இருந்ததாம். யாரும் கேட்கவில்லை, ஆதலால் யாருக்கும் தெரியவில்லை. கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் எங்கள் முதியவர் இருந்த அறைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு தாளோடு போனேன். ‘இல்லத்தில் பணிபுரியும் அனைவரும், தம்மீது குற்ற வழக்கு எதுவும் இல்லை என்னும் காவல்துறைச் சான்றை முப்பது நாளுக்குள் அளித்தல் வேண்டும், அளியாதோர் பணியில் தொடர இயலாது.’ எல்லாரும் ஒப்பினார்கள். பாய் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் எழுதிக்கீறீங்க சார். கொஞ்சம் பயமா கீது, அவ்ளோதான்.”

எட்டுப் பேர் பணியில் இருந்தார்கள். இரண்டு வாரத்தில் ஏழு சான்றுகள் வந்தன. எட்டாவது வரவில்லை.

முதலில் அவள், நிழற்படம் எடுக்கவில்லை என்றாள். அடுத்த வாரம், ஆதார் அட்டை தம்பி வீட்டில் இருக்கிறது என்றாள். அதற்கடுத்த வாரம், விண்ணப்பம் அனுப்பித் தரும் கடைக்காரன் ஊரில் இல்லை என்றாள். அவள் முகத்தைப் பார்த்தாலே இவை சாக்கு என்று தெரிந்தது. இரண்டு ஆண்டுகளில் அவள் என் கண்ணைப் பாராமல் பேசியது அந்த மூன்று முறைதான்.

ஐயம் நுழைய வாசல் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அவள் அக்காவுக்குத் தலை வாரும்போது நான் அவள் விரல்களைப் பார்க்கத் தொடங்கினேன். அவள் அறையைவிட்டுப் போனதும் அக்காவின் காதுத் தோடுகளைப் பார்த்தேன்.

“என் காதில் என்னடா பார்க்கிறாய்? அழுக்கு இருக்கிறதா?” என்றாள் அக்கா.

“ஒன்றும் இல்லை அக்கா.”

“பொய் சொல்கிறாய். சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுவாய்.”

கையை மூக்கிலிருந்து எடுத்தேன். அப்போது எனக்கு ஏற்பட்ட நாணத்தை இப்போதும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது, கொல்லையில் போர்வைகளை உலர்த்திக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“சார், ஒரு நிமிசம். என்மேல கேஸ் கீது சார்.”

“என்ன வழக்கு?”

“திருட்டு கேசு.”

நான் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவளே சொன்னாள்.

“மீனு.”

அவள் ஊர் ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் வலைபோட்டு முடிக்கும்வரை ஊரார் ஏரியில் இறங்கக் கூடாது. அவர் பிடித்து முடித்ததும் சேற்றில் மிஞ்சுவது ஊருக்கு. இதற்கு அறிவிப்பு எதுவும் கிடையாது. மதகருகே சிவப்புத் துணி கட்டிய மூங்கில் நட்டிருக்கும். ஏலக்காரர் அதைப் பிடுங்கிவிட்டால் ஊர் இறங்கலாம். அவளுக்கு இருபது வயது கடந்திருந்த ஒரு கோடையில், எருமை ஒன்று அந்த மூங்கிலில் முதுகு தேய்த்து அதைச் சாய்த்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்த ஊருக்கு மூங்கிலைக் காணோம். அவ்வளவுதான், ஊரே கூடையோடு ஏரியில் இருந்தது. ஏலக்காரரின் ஆட்கள் வந்தார்கள். பின்னாலேயே காவல்துறை வண்டியும் வந்தது. ஓடத் தெரிந்தவர்கள் ஓடினார்கள். முழங்கால் சேற்றில் நின்ற பதினொரு பேர் அகப்பட்டார்கள்.

“எம் மடியில மூணு விரால் சார். வண்டில ஏத்துனப்புறமும் துள்ளிக்கினே கீது. போலீசுக்காரரு சிரிச்சிட்டாரு.”

“வழக்குமன்றத்தில் மூங்கில் செய்தியைச் சொல்லவில்லையா?”

“குத்தத்தை ஒத்துக்கிறீங்களான்னு ஐயா கேட்டாரு. பதினோரு பேரும் ஆமான்னுட்டோம்.”

“ஏன் அம்மா?”

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். “மீனைப் புட்ச்சது நெசந்தானே சார்? இல்லேன்னு எப்புடிச் சொல்றது? அதுவுமில்லாம சொர்ணவாரிப் பட்டத்து நெல்லு நடவு பாதியில நிக்குது. இல்லேன்னா இன்னொரு நாளு வரணும்னாங்க. ஆமான்னு சொல்ட்டு, தண்டம் கட்டிட்டு, பொழுதுக்குள்ள நடவுக்குப் போய்ட்டோம்.”

பதினொரு பேர் திருடர் என்று எழுதிக்கொடுத்துவிட்டு நாற்று நடப் போன அந்தப் பிற்பகலை எண்ணி நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “பேப்பர்ல திருட்டுன்னுதான சார் வரும்? மீனுன்னு வருமா?” என்று கேட்டாள்.

பாயிடம் சொன்னேன். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். “இதுக்கா இத்தினி பேஜாரு? வுடுங்க சார். ஏழு பேப்பரு போதும். யாரு எண்ணப் போறாங்க?”

எனக்கும் அதுவே எளிதாகத் தோன்றியது. ஆனால், நமக்குப் பிடித்தவள் என்பதால் ஒருத்தியைக் கேளாமல் விட்டால், மற்ற ஏழு பேரைக் கேட்டதற்கு என்ன பொருள்? நாளைக்கு வரும் முன்பின் அறியாத ஒருவனும் யாரோ ஒருவருக்குப் பிடித்தவனாகத்தான் இருப்பான். அந்த மூதாட்டியை அடித்தவனைக்கூட யாரேனும் நல்லவன் என்று சொல்லியிருக்கக் கூடும். பிழை, சான்று கேட்டதில் இல்லை. சான்றைப் பார்த்தபின் எதுவும் கேட்க இடமில்லாதபடி நான் எழுதியதில் இருந்தது. வழக்கு உண்டா என்று கேட்ட விதி, என்ன வழக்கு என்று கேட்கவில்லை. திட்டவட்டமாக இருக்க வேண்டும் என்ற என் ஆசை, நின்று எண்ணிப்பார்க்க வேண்டிய இடத்தை அடைத்துவிட்டது.

“விண்ணப்பியுங்கள். வருவது வரட்டும். கூட்டத்தில் நான் பேசுகிறேன்” என்றேன் அவளிடம்.

“நீங்க பேசுனா ஒருத்தருக்கும் புரியாது சார். நானே சொல்றேன்” என்றாள்.

சான்று கூட்டத்துக்கு முந்தைய நாள் உறையில் வந்தது. பாய் அதைக் கூடத்தில் படித்தார். திருட்டு என்ற சொல் வந்ததும் நாற்காலிகள் அசைந்தன. அவள் சுவரோரம் நின்று, எருமையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சிலர் முறுவலித்தார்கள். தறிக்கூடம் வைத்திருந்த பெரியவர் ஒருவரையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்; அவருடைய மகள் முறுவலிக்கவில்லை. அவர் கேட்டது நேர்மையான கேள்வி.

“மீனுதானேம்மா, சரி. ஒரு மாசமா ஏன் மறைச்சே? அதைச் சொல்லு.”

அவள் முந்தானையைக் கையில் சுருட்டினாள். “சொல்லியிருந்தா உங்க அப்பாவுக்குச் சோறு ஊட்ட வுட்டிருப்பீங்களாக்கா?”

“வுட்டிருக்க மாட்டேன்.”

“அதுக்குத்தான் சொல்லல.”

அப்போது கதவருகில் சக்கர நாற்காலியின் ஓசை கேட்டது. உதவிக்கு இருந்த மற்றொரு பெண் அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அழைப்பு இல்லாமல் வருவது அக்காவுக்குப் புதிதன்று.

“ஏண்டி, இன்னா மீனு?”

“விராலும்மா.”

“எத்தினி?”

“மூணு.”

“பொழச்ச. கெண்டைப் பொடிக்கு மாட்டியிருந்தா நானே உன்னை வேலைய வுட்டுத் தூக்கியிருப்பேன்.” பிறகு எங்களைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டாள். “அஞ்சலகத்தில் என் காலத்தில் களவு போன மணியார்டர்களை எடுத்தவர்கள் எல்லாரும் கறையில்லாத சான்றோடு வந்தவர்கள். இருந்தாலும் சான்று கேட்கத்தான் வேண்டும். கேட்டால்தானே இவளைப் போல ஒருத்தி வந்து நின்று வாய்திறந்து சொல்வாள்? கேட்டீர்கள், சொன்னாள். இனி என்னைக் கேளுங்கள். படுத்திருப்பவள் நான்.”

என்னைக் கேளுங்கள் என்ற அந்தச் சொல்லைத்தான் அன்று புதிய விதியில் சேர்த்தேன். சான்று எல்லாரும் தர வேண்டும். வழக்கு இருந்தால், அது என்ன, எப்போது, யாருக்கு என்ன கேடு என்பதைப் பணியாளர் முன்னிலையிலேயே கேட்க வேண்டும். மனிதரைத் துன்புறுத்தியவருக்கும், நம்பிச் சேர்த்த வீட்டில் கைவைத்தவருக்கும் இங்கே இடமில்லை. மற்றவற்றில், யாரைப் பேண வேண்டுமோ அவரையும் கேட்ட பிறகே முடிவு. அக்கா இடக்கையால் கையெழுத்திட்டாள். எழுத்துகள் மழையில் நனைந்த எறும்புகள்போல் போயின. தறிக்கூடத்துப் பெரியவரின் மகள், தம் தந்தையை ஒரு மாதத்துக்கு வேறொருவர் பார்க்கட்டும் என்றார். அது அவர் உரிமை. “சரிங்கக்கா” என்றாள் இவள். அந்தச் சொல்லில் சினம் இல்லை, வலி இருந்தது. அதை நான் தீர்த்துவைக்க முயலவில்லை.

எல்லாரும் போனபின் அவள் அந்தச் சான்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“சார், பாய் வேகமாப் பட்ச்சிட்டாரு. கடைசி வரில இன்னா போட்டுக்கீது?”

படித்தேன். தண்டம் செலுத்தப்பட்டது, வழக்கு முடிவுற்றது.

“முடிஞ்சிட்ச்சா?”

“முடிந்துவிட்டது. தண்டம் கட்டிய அன்றைக்கே முடிந்துவிட்டது அம்மா.”

அவள் மரப்பலகை இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இத்தனை ஆண்டுகளாக அந்த வழக்கு எங்கோ நடந்துகொண்டிருப்பதாக அவள் நினைத்திருக்கிறாள். என்றைக்காவது மறுபடி கூப்பிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறாள். பேருந்து காவல் நிலையத்தருகே நிற்கும் என்பதால், அதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, வயல்வரப்பு வழியாக இல்லத்துக்கு நடந்து வந்திருக்கிறாள், மழையிலும் அப்படித்தான். ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

“யாருமே சொல்லல சார்” என்றாள். பிறகு, “இதுல ஒரு காப்பி எட்த்துத் தர்றீங்களா? எங்கூட மாட்டுனதுங்க ஊர்ல இன்னும் ஆறு பேரு கீறாங்க. அதுங்களும் பயந்துக்கினுதான் கீதுங்க” என்றாள்.

உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். அவள் எழுந்து, நடந்துகொண்டே உள்ளங்கைகளைத் தேய்க்கத் தொடங்கினாள். நான் நகல் எடுக்கக் கடைவீதிக்குப் புறப்பட்டேன். ஆளுக்கு ஒன்றாக, ஆறு நகல்கள்.