ஏரி தெரியும் அறை

அந்த அறையை நான் செல்போனில்தான் பார்த்தேன். சாய்ந்த மரக்கூரை, வெள்ளைப் போர்வை விரித்த கட்டில், ஜன்னலுக்கு வெளியே ஓர் ஏரி, அதற்கு அந்தப் பக்கம் பனி உட்கார்ந்த மலை. இத்தாலியில் வடக்கே ஏதோ சின்ன ஊர். அந்த வீட்டு அம்மாள், "இது உங்களுக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனை மெதுவாகத் திருப்பினார். அவருடைய இரண்டு பெண் குழந்தைகளுக்கு, கூடவே தங்கி ஆங்கிலம் சொல்லித்தர வேண்டும். யோசித்துப் பதில் சொன்னால் போதும் என்றார்.

நான் ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில், தகர ஷீட் போட்ட கொட்டகையில் இங்கிலீஷ் டியூஷன் எடுப்பவள். கல்யாணம் சரிப்பட்டு வராமல் வீட்டுக்குத் திரும்பியவள். மே மாதம் அந்த ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்து பாடம் நடத்துகிறவளிடம் பனிமலையைக் காட்டினால் புத்தி ஓரிடத்தில் நிற்குமா?

நிற்கவில்லை. சாயங்காலம் எங்கள் ஏரிக்கரையில் நடக்கும்போது ஆகாயத்தாமரை கண்ணில் படாது. தண்ணீர் மட்டும் தெரியும். அக்கரை அடுக்குமாடிகளின் மேல் வெயில் சாயும்போது அவை கொஞ்ச நேரம் மலையாகிவிடும். கூடுவாஞ்சேரிக்கு ரயிலில் போனால், அடுத்த ஸ்டேஷன் அந்த ஊராக இருக்கும் என்று நிஜமாகவே தோன்றும். எங்கேயாவது ஒரு விமானம் மேலேறினால், அதில் நான் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பேன். இறங்க மனசே வராது.

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் என் வாயிலிருந்து ஆங்கிலம் தவிர வேறு எதுவும் வரக்கூடாது. ஊரில் இருப்பவர்களோடு பேசுவதென்றால் வாரத்தில் ஒருநாள், விடுமுறையன்று, வெளியே போய்ப் பேசிக்கொள்ளலாம். இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

ஊரில் இருப்பவர் என்றால் என்னைப் பெற்ற அத்தா மட்டும்தான். அம்மா மவுத்தாகிப் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர். அத்தா வெளிநாட்டில் சம்பாதித்த சபராளி, நான் வளர்ந்த காலமெல்லாம் அவர் சவுதியில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போன் வரும். அம்மா பேசி முடித்து ரிசீவர் என் கைக்கு வரும்போது ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கும்: "சாப்ட்டியாம்மா?" சாப்பிட்டேன் என்பேன். "சரி, வெக்கிறேன்." திரும்பி வந்து இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினாலும், பேச்சு முடிந்ததும் "சரி, வெக்கிறேன்" என்றுதான் எழுந்திருப்பார். அம்மா இருந்தவரை அவருடைய பேச்செல்லாம் அம்மாவோடுதான். இப்போதுதான் சாயங்கால டீயோடு எங்கள் இருவருக்கும் கொஞ்சம் பேச வந்திருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் தயங்கவே இல்லை. "போய்ட்டு வாம்மா. நான் பார்க்காத வெளிநாடா?" என்றவர், பரணிலிருந்து தன் பழைய பெட்டியை இறக்கி, துடைத்து, மாடியில் வெயிலில் வைத்துவிட்டார். எனக்கு முந்திக்கொண்டு அவர் பெட்டியைத் தயார் செய்ததில் கோபம்கூட வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். காலையிலிருந்து இங்கிலீஷ் மட்டும். அத்தாவிடம் முதல்நாளே சொல்லிவைத்தேன். தலையாட்டினார்.

தொடக்கம் ஜோராகத்தான் இருந்தது. காய்கறிக் கடையில் தக்காளியையும் கொத்தமல்லியையும் இங்கிலீஷில் கேட்டேன். கடைக்காரர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு, "இன்னாக்கா, இன்னிக்கு ஒரே இங்கிலீஷா கீது?" என்றார். சிரித்துவிட்டு நடந்தேன். தினமும் பார்க்கும் தெரு அன்றைக்குப் புதிதாகத் தெரிந்தது. யாரோ வேறொருத்தி என் செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பதுபோல் லேசாக மிதந்தேன். அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

வீட்டில்தான் மிதக்க முடியவில்லை. நான் எது சொன்னாலும் அத்தா "யெஸ், யெஸ்" என்றார். மதியம் தட்டை எடுத்துக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்தார். டீ நேரத்தில் என் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதுபோல நாள் முழுக்க ஒதுங்கியே இருந்தார்.

அத்தா அந்தி நேரத்து மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே நின்று கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துப் பார்த்தார். பிறகு, சவுதியில் யாரோ முதலாளி முன்னால் நிற்கிறவர்போல, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"யூ... ஈட்டிங் ஃபினிஷ்?"

சின்ன வயதில் வாரம் முழுக்க நான் காத்திருந்த ஒரே கேள்வி அது. அதைக்கூட அவர் வாயிலிருந்து பிடுங்கிவிட்டேனே என்று அழுகை வந்துவிட்டது.

"இல்லத்தா. பசிக்குது" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. தோசை ஊற்றினேன், கூடவே நின்று சட்னி எடுத்து வைத்தார். "நான் போகலத்தா" என்றேன். ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே வேறு ஏதோ சொன்னார்.

"அங்க சவுதியில ரூம்ல எல்லாம் வேற ஊர்க்காரங்க. பகல்ல நம்ம பேச்சு பேச ஆளே கிடையாது. நான் தூக்கத்துல பேசுவேனாம், தினம் கிண்டல் பண்ணுவாங்க. ஒரே வார்த்தையாம், அர்த்தம் என்னான்னு கேப்பாங்க. 'சாப்ட்டியா, சாப்ட்டியா'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பேனாம்."

அவர் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, "சரி, வெக்கிறேன்" என்று கிளம்பினார்.

"வெக்காதீங்கத்தா" என்றேன். "இன்னும் கொஞ்சம் பேசுங்க."