கேட்டுக்கு வெளியே நின்று திருத்தியவர்

ஒரகடம் சந்திப்பில், ஷிப்ட் மாறும் நேரத்துக் கம்பெனி பஸ்களுக்கு நடுவே எங்கள் கல்லூரிப் பேருந்து அசையாமல் நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. தமிழ்த்துறைக் கௌரவ விரிவுரையாளர் வசந்தகுமாரி அம்மையார், மணிமங்கலத்தில் தம் வீட்டில் விடியற்காலை மாரடைப்பால் காலமானார். அடுத்த நிமிடமே துறை வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு செய்தி: இன்றைய தேர்வு மேற்பார்வைக்கு அவருக்குப் பதிலாக யார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கி நடக்கவும் வழியில்லை.

நான் அவருடைய பக்கத்து மேசைக்காரன். இரண்டாம் ஆண்டுக்குக் கடிதமும் மனுவும் எழுதக் கற்பிக்கும் பாடம் அவருடையது. மற்றவர்கள் கைடைப் பார்த்து எழுதவைத்துவிட்டுப் போவார்கள். அவருக்கு அது ஒத்துவரவில்லை. "இல்லாத தெருவிளக்குக்கு எத்தனை வருஷம் சார் மனு எழுத வைக்கிறது?" என்றார். வல்லம் வடகாலில் கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதிக்கு மாணவர்களை அழைத்துப் போனார். அங்கிருப்பவர்கள் கேட்பதை எழுத வேண்டும். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்ட வேண்டும். "நான் சொன்னது இதுதான்" என்று அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் மதிப்பெண்.

"இன்னா மேடம், நீங்க மார்க் போடுவீங்கன்னு பாத்தா அந்த அக்கா போடுது" என்று ஒரு மாணவன் குறைப்பட்டான்.

"அவங்களுக்குத்தானே எழுதுன? அப்ப அவங்கதான் போடணும்" என்று சிரித்தார்.

அந்த விடுதியில் முத்துலட்சுமி என்றொரு பெண். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். "பஸ்ஸுல ஏத்துதாவ, லைன்ல நிறுத்துதாவ, திரும்பக் கொண்டாந்து உள்ள விட்டுப் பூட்டுதாவ. லீவு அன்னைக்காவது கடைக்குப் போயிட்டு வர விடணும்னு எழுதுங்க" என்றார். மாணவர்கள் எழுதினார்கள்; பெண்கள் கையெழுத்திட்டு விடுதி நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். அசைன்மென்ட் எழுதிப் பழகிய கை அல்லவா, மாணவர்கள் கடைசியில் தங்கள் பெயர், பதிவெண், கல்லூரி பெயர் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார்கள். யார் கண்ணிலும் அது படவில்லை. அன்று மாலையே தாளாளருக்குத் தொலைபேசி வந்தது. எங்கள் மாணவர்களை வேலைக்கு எடுக்க வருடாவருடம் வரும் கம்பெனியின் விடுதி அது.

மறுநாள் அம்மையாரை விசாரணைக்கு அழைத்தார்கள். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "பசங்க தானா எழுதிட்டாங்கன்னு எழுதிக் குடுத்துடுங்க மேடம். உங்களுக்கு ஒண்ணும் வராது" என்றார் தாளாளர். அம்மையாருக்கு ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் வேலை. வீட்டில் கணவர் படுத்த படுக்கை.

"எழுதச் சொன்னது நான். அதை வேணும்னா எழுதித் தரேன்" என்றார். அங்கேயே எழுதியும் கொடுத்தார்.

மாணவர்கள் தப்பினார்கள். அவரிடமிருந்து வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு தேர்வுப் பிரிவில் போட்டார்கள். ஜன்னலில்லாத அந்த அறையில் விடைத்தாள் கட்டுவதே அவருடைய வேலையாகிப் போனது. "வேறு கல்லூரி பார்க்கலாமே அம்மா" என்று கேட்டேன். "இந்த வயசுல யாரு சார் எடுப்பாங்க? வெளியில அனுப்பினா நிம்மதியாயிடுவேன்னுதான் வெச்சிருக்காங்க" என்றார். அதில் நகைச்சுவை பாதிதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வல்லம் வடகாலுக்குப் போய்வந்தார். உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்கு வெளியே நிற்பார். முத்துலட்சுமியும் தோழிகளும் தாங்களே எழுதிய மனுக்களைக் கம்பி இடுக்கில் நீட்டுவார்கள். இவர் திருத்தி நீட்டுவார். வாட்ச்மேன் சில நாள் நாற்காலி போடுவார், சில நாள் விரட்டுவார். மனுக்கள் போயின. கேட் திறக்கவில்லை. ஒருமுறை நானும் உடன் போனேன். அன்று முத்துலட்சுமி என் எண்ணையும் வாங்கிக்கொண்டார்.

இறுதிச் சடங்குக்கு விடுதியிலிருந்து ஒருவரும் வரவில்லை. எனக்கு வருத்தம்தான். மறுநாள் முத்துலட்சுமி தொலைபேசியில் அழைத்தார்.

"சொந்தக்காரங்க சாவுக்குத்தான் சார் விடுவாவ. சித்தின்னு எழுதிக் குடு, விடுதேன்னு வார்டனே சொன்னாவ. எனக்கு மனசு வரல. 'எனக்கு எழுதச் சொல்லிக் குடுத்தவங்க'ன்னுதான் எழுதுனேன். விடல."

அம்மா, உங்களுக்கு அஞ்சலி எழுதும்படி துறையில் என்னிடம் சொன்னார்கள். அதை எழுத வேண்டியவர் தம் விடுப்பு மனுவிலேயே எழுதிவிட்டார். நிம்மதியாகப் போய் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முத்துலட்சுமி இன்னும் கேட்டுக்கு உள்ளேதான் இருக்கிறார்.