மருதம்மாளும் ஒரு கைநாட்டும்

ரப்பர் தோட்டத்தில் மரத்துக்கு மரம் யாரையாவது திட்டிக்கொண்டேதான் பால் வெட்டுவாள் மருதம்மாள். விடியலில் கொசுவை, வெயில் ஏறியதும் கங்காணியை, மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டத் தொடங்கிவிட்டால் புருஷன் முனியாண்டியை. வாய் எப்படிப் போனாலும் கை பிசகாது. குருண் பக்கத்து அந்தத் தோட்டத்தில் அவள் கத்தி பட்டு மரம் காயப்பட்டதாக ஒருவரும் குறை சொன்னதில்லை.

அந்த வாரம் திட்டு முழுக்க முனியாண்டிக்கே போனது. மகள் பிரேமாவதிக்குக் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. படிப்பும் விடுதியும் சர்க்கார் பொறுப்பு. தகப்பன் சம்மதப் பாரத்தில் கைநாட்டு வைத்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். முனியாண்டியோ பாரத்தைக் கண்டாலே மாட்டுக்குப் புல் அறுக்கக் கிளம்பிவிடுவான். மூன்றே நாளில் மாடு தின்று தீர்க்க முடியாத புல் கொட்டகையில் குவிந்துவிட்டது.

பல சாதி சனம் புழங்கும் ஊரில் வயசுப் பெண்ணை விடலாமா என்று தண்ணீர்க் குழாயடியில் பிச்சையம்மாள் கேட்டு வைத்தாள். மருதம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க மட்டும் என்னவாம்? கடைக்காரரு சீனரு, லோரிக்காரரு மலாய்க்காரரு, தொர வெள்ளக்காரரு. எல்லாருகிட்டயும் பேசித்தான் சோறு திங்கிறோம் லா."

தானே கைநாட்டு வைக்கிறேன் என்று தோட்ட ஆபீசுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே தலைமை எழுத்தரான யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி துரைசிங்கம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தகப்பன்ர கைநாட்டு இல்லாமல் ஒண்டும் செய்யேலாது, மருதம்மா."

வியாழக்கிழமை மாட்டுக் கொட்டகையிலேயே முனியாண்டியை மடக்கினாள். "சர்க்காரு படிக்க வெக்கிறேங்குது. ஒரு வெரலக் குடுக்க ஒனக்கு வலிக்குதா?"

அவன் மாட்டுக் கயிற்றைப் பார்த்தபடியே பேசினான். "ஜப்பான்காரன் காலத்துல நானும் தம்பியும் ஒரு காயிதத்துல வெரல் வச்சோம். என்னா ஏதுன்னு கேக்கல. சயாமுக்கு ரயில் ரோடு போட ஏத்திட்டாங்க."

கொழுந்தன் சயாமில் செத்தது அவளுக்குத் தெரியும். விரல் வைத்துப் போன கதையைப் பதினேழு வருஷமாக அவன் சொன்னதில்லை.

"இத மூணு நாளைக்கு முன்னாடி சொன்னா என்ன?" என்றாள். அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை.

மகளைக் கூப்பிட்டு, பாரத்தை ஒரு வரி விடாமல் தமிழில் படிக்கச் சொன்னாள். கடைசிவரை கேட்டுவிட்டு முனியாண்டி ஒன்றுதான் கேட்டான்: திரும்பி வருவாள் என்று எழுதியிருக்கிறதா?

"அதெல்லாம் எழுத மாட்டாங்கப்பா. லீவுக்கு நானே வந்துருவேன்" என்றாள் பிரேமாவதி. காலையில் ஆபீசுக்கு வருவதாக மட்டும் சொல்லிவிட்டு அவன் மாட்டுக்குப் புல் போடப் போனான்.

மறுநாள் ஆபீசில் முனியாண்டியின் மை தடவிய விரல் பாரத்துக்கு மேலேயே நின்றது. இறங்க மறுத்தது. கிராணி கடிகாரத்தைப் பார்த்தார். மருதம்மாள் சட்டென்று தன் பெருவிரலை மையில் தோய்த்து, பாரத்தில் அழுத்தினாள்.

"தாய்க்கு இதிலை இடமில்லை!" என்று பதறினார் துரைசிங்கம்.

அவள் விரலை எடுக்கவில்லை. முனியாண்டி அதை ஒட்டினாற்போலத் தன் விரலை இறக்கினான்.