நேற்று நாங்கள் செய்த கேக்

ஸ்பானிஷில் 'செய்' என்பதற்கு ஒரு சொல் உண்டு, அசேர். இறந்தகாலத்துக்குப் போனால் அது ஆளே மாறிவிடும். செய்தேன் என்றால் இசே, செய்தோம் என்றால் இசிமோஸ். நாற்பது வயதைத் தாண்டி இதையெல்லாம் மண்டையில் ஏற்ற வேண்டும் என்று எனக்கு எந்த வேண்டுதலும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஆங்கில வாடிக்கையாளர் பிரிவை மூடப்போவதாகச் சொன்னார்கள். ஸ்பானிஷ் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும் வேறு பிரிவில் இடம். வேலை போனால் லிங்கராஜபுரம் வாடகை வீடு போகும். வீடு போனால் மகள் ஓசூரில் இருக்கும் அவள் அப்பாவிடம் போக வேண்டும். நானும் அவரும் பிரிந்தபோது அப்படித்தான் பேசி முடித்திருந்தோம். அவளை என்னோடு வைத்துக்கொள்ளத்தான் இந்த இசே, இசிமோஸ் எல்லாம்.

வேலை முடிந்ததும் சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை மாடியில் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. நேற்று என்ன செய்தாய் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும், அதுதான் முதல் வேலை. நேற்று என்ன செய்தோம்? அலுவலகம் போனோம், இங்கே வந்தோம். அதையே எத்தனை நாள் சொல்வது? எல்லோரும் புளுக ஆரம்பித்தோம். எங்கள் டீமில் ஒருவன் தினமும் பிரியாணி செய்தான். அவன் செய்ததைச் சேர்த்திருந்தால் சிவாஜிநகருக்கே பந்தி போட்டிருக்கலாம். நான் மகளோடு கேக் செய்தேன், பூமாலை செய்தேன், பொம்மைக்குச் சட்டை செய்தேன். அவளுக்குப் பதினைந்து வயது, பொம்மையை விட்டு எத்தனையோ வருஷமாகிறது. டீச்சர், கல்லூரி முடித்த சின்னப் பெண், "எவ்வளவு நல்ல அம்மா!" என்று கைதட்டுவாள். உண்மையில் நான் வீடு சேரும்போது மகள் தனியாகச் சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பாள். எனக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் தோசை வார்த்துக்கொண்டே கேக் வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த மகள் நின்றாள்.

"அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"நேத்து நானும் என் பொண்ணும் கேக் செஞ்சோம்."

"எப்போம்மா செஞ்சோம்?"

"சும்மா, ப்ராக்டிஸுக்குடி."

"என்னை வெச்சு இன்னும் என்னல்லாம் சொல்லியிருக்கே?"

ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், மடச்சி. அவள் அழுதாள்.

"அந்தப் பொண்ணையே வெச்சுக்கோ. நான் அப்பாகிட்ட போறேன்."

கோபத்தில் சொல்கிறாள், தணிந்துவிடும் என்று இருந்தேன். மத்தியானம் அவள் அப்பாவின் கார் வாசலில் நின்றது. இரண்டு பைகளோடு இறங்கிப் போனாள். பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தேர்வு. கணினித் திரையில் எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள், நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தயாராக வைத்திருந்த கேக் வாக்கியத்தை விட்டுவிட்டேன். "நேற்று என் மகள் துணிமணியை எடுத்துக்கொண்டு அவள் அப்பாவிடம் போய்விட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை" என்றேன். அந்தப் பாழாய்ப்போன இசே முதல்முறையாகத் தடுமாறாமல் வந்தது. இந்த ஊரில் யாரிடமும் சொல்லாததை அந்த முகத்திடம் சொல்லியிருந்தேன். அவர் புன்னகைத்து, மதிப்பெண் போட்டுக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த உணவு எது என்று கேட்டார்.

முடிவு வர ஒரு வாரம் ஆனது. பாஸ். உடனே ஓசூருக்குப் போன் போட்டேன்.

"வேலை போகல கண்ணு. வீடும் போகாது. வந்துடு."

"நல்லதும்மா" என்றாள். பிறகு, "இங்க ஸ்கூல்ல சேர்த்துட்டாங்க. யூனிஃபார்ம் தைக்கக் குடுத்தாச்சு" என்றாள்.