வயலுக்குள் ஒரு தீவு

கொல்லிமலையில் நான் வாத்தியாராக இருந்த வருஷங்களில் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு தீவைப் பற்றிப் பாடம் இருந்தது. அந்தத் தீவின் பெயரை இன்றைக்கு யாராவது சொன்னாலும் எனக்கு முழங்கால் வலிக்கும். மலைக்கு ரோடு போடாத காலம் அது. சேந்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அடிவாரம் வரை நடந்து, அங்கிருந்து என் பள்ளி இருந்த வாழவந்தி நாட்டுக்கு ஏற வேண்டும். மலைக்காய்ச்சல் கைக்குழந்தைக்கு ஆகாது என்று மனைவியும் குழந்தையும் சேந்தமங்கலத்தில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை இறங்குவேன், ஞாயிறு மத்தியானம் ஏறிவிடுவேன். என் பிள்ளைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்பதைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொள்வேன்.

கீழே மாறுதல் கேட்டு மூன்று மனு போட்டிருந்தேன். பள்ளி இன்ஸ்பெக்டர் எழுதினால்தான் மனு நகரும். அவர் கடற்கரை ஊர்க்காரர். எந்தப் பள்ளிக்குப் போனாலும் தீவுப் பாடத்தில்தான் கேள்வி கேட்பார் என்று பெயர் வாங்கியவர். முதல் தடவை வந்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. "முதல்ல ஒழுங்காப் பாடம் நடத்தும். மாறுதலைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு டோலியில் உட்கார்ந்து மலையிறங்கிப் போய்விட்டார். சுமந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு வாங்கவில்லை.

பாடம் ஒன்றும் கஷ்டமானதில்லை. சின்னத் தீவு. காலையில் கரையோரமாக நடக்கத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் சுற்றி வந்துவிடலாம். நடுவில் ஒரு குன்று, சுற்றிலும் தென்னை, ஆறு கிடையாது. முன்பு அங்கே ஆளே இல்லை. கப்பல்காரர்கள் ஆமை பிடிக்க ஒதுங்குவார்கள், அவ்வளவுதான். பிறகு வெள்ளைக்காரர்கள் காட்டை அழித்துக் கரும்பு போட்டார்கள். வெட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று நம் பக்கத்து ஜனங்களையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பலர் திரும்பவில்லை.

முன்பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் பிள்ளை எழுந்தாள். எதையும் கேட்காமல் விடமாட்டாள்.

"அவிய ஏனுங்க சார் திரும்பிப் போவுல?"

"போக வழியில்ல."

"எறங்கிப் போறதுதானுங்களே?"

"கடல்ல எறங்கினா செத்துப் போவாங்க. உக்காரு!"

எரிந்து விழுந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஊரை விட்டு வெளியே போவது என்றால் இறங்கிப் போவதுதான். வேறு திசை அவர்களுக்குத் தெரியாது. அவளுக்குக் கடல் தெரியவில்லை, எனக்கு அவளைத் தெரியவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது என் தலைக்குள் மாறுதல் உத்தரவு ஒன்றுதான் இருந்தது.

ஒருநாள் பள்ளிக்குக் கீழே ஓடையை ஒட்டிய நெல்வயல் கண்ணில் பட்டது. ஊற்றுத் தண்ணீரைத் திருப்பி வயலை நிரப்பியிருந்தார்கள். நடுவே, உடைக்க முடியாமல் விட்ட ஒரு பாறை. உள்ளே இறங்கலாமா என்று வயல்காரரிடம் கேட்டேன். "செருப்பக் கழட்டிட்டு எறங்குங்க, நாத்த மிதிக்காம போங்க" என்று மட்டும் சொன்னார். பாறைமேல் மண் பரப்பி, குச்சி நட்டுத் தென்னை என்றேன். கூழாங்கல்லை வைத்து வீடு என்றேன். சுற்றியிருக்கும் தண்ணீரைக் காட்டிக் கடல் என்றேன். பிள்ளைகள் வரப்பில் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒரே நாளில் தீவு அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. அன்றைக்கு எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அடுத்த முறை இன்ஸ்பெக்டர் வந்தார். தீவு என்றால் என்ன, என்ன விளையும், யார் முதலில் வந்தார்கள் என்று கேட்கக் கேட்கப் பிள்ளைகள் மடமடவென்று சொன்னார்கள். அவர் முகம் மலர்ந்தது. எனக்குச் சேந்தமங்கலம் கண்ணுக்குள் வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"தீவுல இருக்கிறவங்க வெளியூர் போகணும்னா எப்படிப் போவாங்க?"

கப்பல் என்று எவனாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா? அந்தப் பெண்தான் எழுந்தாள்.

"அறுப்புக்கு மிந்தி வரப்ப வெட்டி உட்டாத் தண்ணி வடிஞ்சிருமுங்க. அப்புறம் நடந்தே போயிரலாமுங்க."

"கடலை வடிக்கிறதா?"

"ஆமாங்க. வெள்ளாமைய அறுக்க வேண்டாமுங்களா?"

வகுப்பே தலையாட்டியது. எழுதிய மூன்று மனுவும் போச்சு என்று நினைத்தேன். நாக்குக் குழற வயலைப் பற்றிச் சொன்னேன். அவர் போய்ப் பார்த்தே தீருவேன் என்றார். வரப்பில் நின்று பாறையையும் குச்சித் தென்னைகளையும் பார்த்தவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். என் முதுகில் தட்டிக்கொடுத்தார். மாறுதல் கிடைத்துவிட்டது என்று அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பிள்ளைகளின் அனுபவத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கும் அரிய ஆசிரியர் என்று இன்ஸ்பெக்டர் என்னைப் பற்றி எழுதியிருந்தார். அதை நாலைந்து முறை படித்தேன். உள்ளூர இனித்தது, அதைச் சொல்லாமல் மறைத்தால் பொய். கடைசி வரியை அதற்கப்புறம்தான் சரியாகப் படித்தேன். இப்படிப்பட்டவர் மலைப் பள்ளிக்கே தேவை என்பதால் மாறுதல் கோரிக்கையை ஏற்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை அந்தக் காகிதத்தை மனைவியிடம் கொடுத்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மோசமா நடத்துனீங்க, உடுல. நல்லா நடத்துனீங்க, அதுக்கும் உடுல" என்றாள். "பின்ன எப்படித்தானுங்க நடத்துனா உடுவாங்க?"

அவள் சோறு போட்டாள், சாப்பிட்டேன். மறுநாள் மத்தியானம் மலை ஏறும்போது பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பிறகு எழுந்து நடந்தேன். திங்கட்கிழமை பாலைவனப் பாடம். அவ்வளவு மணலுக்கு இந்த மலையில் எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.