கோமதிநாயகம் தொட்டுப் பார்த்தது

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கோமதிநாயகத்தின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். "அவிய போயிட்டாவ அண்ணே" என்றார். பிறகு, "நேத்து டயாலிசிஸ் முடிஞ்சு நல்லாத்தான் வந்தாவ" என்றார். மூன்று ஆண்டுகளாக, வாரம் இரண்டு முறை, குளத்தூரிலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் போய் வந்தவர். எனக்கு அழுகை வரவில்லை. இனி அவர் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை என்றுதான் முதலில் தோன்றியது.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோவில்பட்டி பஸ் நிலையத்துக்கு அருகே இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நாங்கள் இருவரும் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தோம். ஒரே வயது. பழுதென்று தகவல் வந்தால் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பஸ் ஏறுவோம். கோடையில் பழுதுகளில் பாதி சூட்டினால் வருபவை. கரிசல் புழுதி பெட்டிக்குள் போய்ப் படியும். விசிறி திணறும். கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். அதே தூசியை அதே தூரிகையால் தட்டித் தட்டி எங்களுக்கு அலுத்துப்போனது. அவருக்கும் அலுப்புத்தான்; ஆனால் அவர் அந்த அலுப்பை வேலையில் காட்டியதில்லை.

எட்டயபுரத்தில் ஒரு கடைக்காரர் வீட்டில் கம்ப்யூட்டர் அடிக்கடி அணைகிறது என்று சேர்ந்து போனோம். பெட்டிக்குப் பூத்தையல் போட்ட உறை தைத்து மாட்டியிருந்தார்கள். ஓடும்போதும் அதைக் கழற்றுவதில்லையாம். வீட்டம்மாள் தன் கையால் தைத்தது. கோமதிநாயகம் உறையைக் கழற்றி மடித்து அவரிடமே கொடுத்தார். "தையல் நல்லாருக்கு தாயி. டிவிக்கு மாட்டுங்க. இது மூச்சு விடணும்லா" என்றார். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். நானாக இருந்தால் அவர் மனம் சுருங்குகிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பேன்.

புதியம்புத்தூர் விஷயத்தை நான் இதுவரை எழுதியதில்லை. அங்கே நைட்டி தைக்கும் ஒரு பட்டறை. கடைகளுக்கு அனுப்பும் சரக்குப் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை லிங்கம்மாளுக்கு. கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். துணிப் பிசிறு அடைத்துக்கொண்டதால் நான் போய் பிராசசர் மேல் அதன் சூட்டை இழுக்க இருக்கும் கூலரை, விசிறியும் தகடுகளுமாகக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு வந்தேன். மறுநாளிலிருந்து அரை மணிக்கொரு தரம் கம்ப்யூட்டர் அணைந்தது. ஏற்றிய பட்டியல் அழிந்தது. தீபாவளிச் சரக்கு போகிற நேரம். மறுபடி போனேன். பெட்டியைத் திறந்து பார்த்தேன், விசிறி சுற்றியது. மதியம் இரண்டு மணி, இன்னும் இரண்டு ஊர் பாக்கி. "மெஷின்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஓட்டுறவங்க கைதான் சரியில்ல" என்று பட்டறை முதலாளியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். லிங்கம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

வாரக் கடைசியில் அந்த முதலாளி எங்கள் கடைக்கே போன் செய்தார். அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறேன், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றார். நாங்கள் இருவரும் போனோம். கோமதிநாயகம் பெட்டியைத் தொடவில்லை. முதலில் லிங்கம்மாளிடம் கேட்டார்: "எப்பம்மா அணையுது?"

"நான் எதையும் தொடாம சும்மா உக்காந்திருந்தாலும் அணையுது அண்ணாச்சி. சொன்னா யாரும் கேக்க மாட்டேங்காவ."

அவர் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, சூட்டின் அளவு காட்டும் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தார். எண் மளமளவென்று ஏறி எண்பதைத் தாண்டியது. கூலரின் அலுமினியத் தகடுகளில் விரலை வைத்தார். என் விரலையும் பிடித்து வைத்தார். சில்லென்று இருந்தது. கீழே பிராசசர் கொதிக்கிறது, மேலே தகட்டுக்குச் சூடே வரவில்லை. "விசிறி சுத்துனா போதுமா வே? சூடு அதுக்கு வந்து சேரணும்லா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கூலரை அசைத்தார். நான்கு மூலைப் பூட்டுகளில் ஒன்று மதர்போர்டுப் பலகைக்குள் இறங்கவேயில்லை. கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சூட்டைக் கடத்துவதற்காக அடியில் பூச வேண்டிய பசையும் பழையதே, காய்ந்து பொருக்காகியிருந்தது. அதைத் துடைத்துப் புதுப் பசை வைத்து, நான்கு பூட்டுகளையும் அமுக்கி, பலகையின் பின்பக்கத்தையும் பார்த்தார். முதலாளியை ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டினார். எண் ஐம்பதை ஒட்டியே நின்றது.

"அண்ணாச்சி, இந்தப் பிள்ள மேல தப்பு இல்ல. நாங்கதான் சரியா மாட்டாமப் போயிட்டோம்" என்றார். முதலாளி எங்கள் கடையைத் திட்டியதை எல்லாம் கோமதிநாயகம் நின்று கேட்டார். லிங்கம்மாள் என்னைப் பார்த்தார். நான் பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில், "ஏன் வே, எம் பேரச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"உம்ம பேர நீருதான் சொல்லணும். அடுத்த வாரம் போய் அந்தப் பிள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாரும்" என்றார். பிறகு தூங்கிவிட்டார். நான் போகவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து லிங்கம்மாள் பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கோமதிநாயகம் என்னை அதைப் பற்றிப் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செவ்வாய் மாலை எல்லாம் முடிந்து, குளத்தூர் வீட்டில் ஆட்கள் கலைந்த பிறகு, அவர் மனைவி பேசிக்கொண்டிருந்தார். "புதியம்புத்தூர்ல ஒரு பொண்ணுக்கு வேல போகப் பாத்துச்சாம். எங்க கைத் தப்புதான்னு அடிக்கடி சொல்லுவாவ. அவியளா அப்படி அசட்டையா மாட்டிட்டு வந்தாவன்னு என்னால நம்பவே முடியல அண்ணே."

அறையில் கோமதிநாயகத்தின் மகளும் தம்பியும் இருந்தார்கள். "அவரில்லம்மா. அது நான் மாட்டுனது. பழியையும் நான்தான் அந்தப் பொண்ணு மேல போட்டேன்" என்றேன்.

அவர் மனைவி "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். மகளைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

வீட்டில்கூட அவர் என் பேரைச் சொல்லாமல் 'எங்க கை' என்றே சொல்லியிருக்கிறார். கோமதிநாயகத்திடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான்.