சலங்கை பாளையங்கோட்டையில்

புனேயில் சினிமாவுக்குப் போனால், படம் தொடங்குமுன் தேசிய கீதம் போடுவார்கள். பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில், யாரோ மந்திரி வந்துவிட்டார் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தவள் நான். இப்போது கால் தானாக எழுந்து நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கேம்ப் பகுதித் தியேட்டரில் ஒரு வெளிநாட்டுப் படம். நான், என் கணவர், கோந்த்வாவில் எங்கள் எதிர்வீட்டு வைஷாலி. வயதான இரண்டு பாலே நடனக்காரிகளின் கதை. ஒருத்தி குடும்பத்துக்காக ஆட்டத்தை விட்டவள். இன்னொருத்தி ஆட்டத்துக்காகக் குடும்பத்தை விட்டவள். பழைய ஒத்திகை அறையில் உட்கார்ந்து, வீங்கிய கால்விரல்களைத் தடவியபடி, "நீ கொடுத்துவைத்தவள்" என்று ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறார்கள். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட நாட்கள் முழுக்கப் பரதநாட்டியம் ஆடி, தாலி ஏறியதும் விட்டவள் நான்.

பிள்ளையார் சதுர்த்திக்கு எங்கள் குடியிருப்பில் ஆடச் சொல்லி வைஷாலி வருஷா வருஷம் கேட்பாள். "கர் மே பசந்த் நஹீ", வீட்டில் பிடிக்காது என்று நானும் வருஷா வருஷம் தட்டிக்கழிப்பேன். இடைவேளையில் அவள் என் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாயி சாப், இத்னே சால் இன்கோ நாச்னே க்யோ நஹீ தியா?" ஏன் இவளை ஆடவிடவில்லை என்கிறாள்.

வாய்க்குப் போன சமோசா பாதியில் நின்றது. என் பக்கம் திரும்பினார். "நான் எப்ப வேண்டாம்னு சொன்னேன்?"

"மாப்ள வீட்ல ஆட்டமெல்லாம் பிடிக்காதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கம்மா சொன்னாங்களே."

"என்கிட்ட வேற மாதிரில்லா சொன்னாங்க. ஆடுற பேச்செடுத்தாலே மீனாவுக்குப் பிடிக்காது, கேட்டுராதீங்கன்னு. அதான் கேக்கவே இல்ல."

அம்மாவுக்கு எங்கள் இருவரையும் நன்றாகத் தெரியும். ஆடு என்று என் கணவர் வாயிலிருந்தே வரட்டும் என்று நான் காத்திருப்பேன். என் மனசு நோகுமே என்று அவர் வாயே திறக்கமாட்டார். ஆளுக்கொரு பொய்யைச் சொல்லி எங்களை ரயிலேற்றிவிட்டிருக்கிறாள்! இத்தனை வருஷம் இந்த மனுஷன்மேல் உள்ளுக்குள் வளர்த்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்? இரண்டாம் பாதியில் திரையில் என்ன ஓடியது என்றே எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சாப்ட்டியாளா? அங்க மழையா?"

"என் சலங்கை எங்க, அம்மா?"

"பீரோவுலதான் இருக்கு. அப்பப்ப எடுத்துத் தொடச்சு வைக்கேன்."

திட்டத்தான் போன் போட்டேன். வாய் வரவில்லை. போனை வைத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தேன். சலங்கை பாளையங்கோட்டையில் பளபளவென்று இருக்கிறது. அதைக் கட்டவேண்டிய கால் கோந்த்வாவில் வெறுமனே நிற்கிறது.